அக்கா கேட்டு வைத்த பெயர்கள்

என் கணவருடைய அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் ஒன்பது வருடம் சேர்ந்து இருந்தோம். இதை எழுதும்போது பலருடைய பெயர்கள் வரும். அவர் பெயர் மட்டும் வராது. எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பெயர் விஷயத்தில் அவரிடம் நான் தோற்றது போதும் என்று இருக்கிறது. அவருடைய பெயரையாவது நான் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறேன்.

யாரைப் பார்த்தாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "உங்களுக்குப் பேரு வெச்சது யாருங்க?"

மற்றவர்கள் எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று விசாரிப்பார்கள். இவர் இதைக் கேட்பார். கேட்டவுடன் எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். சிலிண்டர் போட வந்தவர் ஒருமுறை சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்காமலே வாசலில் நின்று, மிலிட்டரியில் இருந்த தன் சித்தப்பா கடுதாசியில் எழுதி அனுப்பிய பெயர் அது என்றும், கடுதாசி வந்து சேர்வதற்குள் வீட்டில் வேறு பெயர் வைத்துவிட்டதால் தனக்கு இரண்டு பெயர் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். அரூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், இறங்கும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த முக்கால் மணி நேரமும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகி மூன்றாம் நாள் என்னிடமும் கேட்டார். தெரியாது, யாரோ வைத்தார்கள் என்றேன். "கேட்டதே இல்லையா?" என்றார். ஆச்சரியமாகத்தான் கேட்டார். எனக்கு அது குற்றம் சொல்வதுபோல் பட்டது. அன்றைக்கே அவரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

பிடிக்காமல் போனதற்கு வேறு காரணமும் உண்டு. என் மாமியார் எனக்குச் சொந்த அத்தை, என் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. சின்ன வயதில் லீவு விட்டால் அந்த வீட்டில்தான் கிடப்பேன். அத்தையின் சின்ன மகனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்பது எனக்கு விவரம் தெரியும் முன்பே முடிவான விஷயம். அதனால் அந்த வீட்டுக்குள் நான் உரிமையோடு நுழைந்தேன். அக்கா தருமபுரி டவுனிலிருந்து வந்தவர். எங்களுக்கு எந்த வகையிலும் உறவில்லை, அசல். எனக்கு மூன்று வருடம் முன்னால் மருமகளாக வந்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் நான் போய்ச் சேர்ந்தபோது அத்தை ஏற்கெனவே அவருடைய ஆளாகியிருந்தார்.

மாசி, பங்குனியில் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு புளி கொட்டை எடுப்பார்கள். கூடத்தில் புளியைக் குவித்துக்கொண்டு அத்தையும் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். அத்தை பேசிக்கொண்டிருப்பார். அக்கா கொட்டையைத் தட்டிக்கொண்டே, "அப்பறம்?" "அவங்களுக்கு யாருங்கத்தை பேரு வெச்சது?" என்று நடுவில் ஒரு வார்த்தை போடுவார். அத்தை மறுபடி ஆரம்பிப்பார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். அவர்கள் நிறுத்த வேண்டும் என்று நிறுத்தவில்லை. நான் உட்கார்ந்ததும் கரண்டு பில், ரேஷன், பால்காரர் என்று ஏதாவது ஆரம்பித்துவிடுவேன். இது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அப்போது, நான் வந்தால் மறைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

எனக்கு முதல் பெண் பிறந்தபோது, நானும் என் கணவரும் ஒரு மாதம் போனில் பெயர் தேடினோம். ஜோசியர் 'ரி'யில் ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஒரு நாள் நான் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தானும் இரண்டு துணியை எடுத்து மடித்தார்.

"அத்தைகிட்ட பழைய பேருங்க நெறைய இருக்குது. உங்க வம்சத்துப் பேருங்கதான். கேக்கறியா?" என்றார்.

வெள்ளச்சி, காத்தாயி, தைலம்மா, உண்ணாமலை என்று சிலவற்றைச் சொல்லவும் செய்தார். நான் சிரித்தேன். என் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் நாலு பேர் ஓட்டுவதற்கா என்று கேட்டேன். அவர் மடித்த துணிகளை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார். கல்யாணமாகி ஐந்து வருடமாகியும் அவருக்குக் குழந்தை இல்லை. அந்தப் பொறாமையில்தான் என் மகளுக்கு இப்படிப் பெயரெல்லாம் சொல்கிறார் என்று என் கணவரிடம் சொன்னேன்.

மகளுக்கு ரித்திஷா என்று வைத்தோம். நான் எங்கள் ஊர் அங்கன்வாடியில் டீச்சர். என் மகளும் என்னோடு வர ஆரம்பித்தபோது பதிவேட்டில் ரித்திகா, ரித்விகா, ரிதன்யா மூவரும் ஏற்கெனவே இருந்தார்கள். "ரித்தி" என்று கூப்பிட்டால் நாலு தலை திரும்பும்.

அதற்கு அடுத்த வருடம் என் அப்பா இறந்துபோனார். காரியத்தன்று ஐயர் என் தம்பியை உட்கார வைத்து, அப்பாவின் அப்பா பெயர், அவருக்கும் அப்பா பெயர், அதற்கும் மேலே ஒருவர் பெயர் என்று கேட்டார். தம்பி தீர்த்தகிரி என்று தாத்தா பெயரைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். எனக்கும் தெரியவில்லை. அத்தை அழுது அழுது மயங்கிப்போய் உள்ளே படுத்திருந்தார். ஐயர் கையில் எள்ளோடு காத்துக்கொண்டிருந்தார். பெண்கள் கூட்டத்துக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"தீர்த்தகிரிக்கு அப்பா சின்னப்பையன். அவருக்கும் அப்பா மாதையன்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அத்தனை சனமும் திரும்பி அவரைப் பார்த்தது. யார் அது என்று என் பெரியம்மா ஒருவர் கேட்டதற்கு, பெரிய மருமகள், தருமபுரிக்காரி என்று யாரோ சொன்னார்கள். என் அப்பாவின் காரியத்தில், என் அப்பாவின் பாட்டனுக்கு எள்ளும் தண்ணீரும் போய்ச் சேர்ந்தது அந்தத் தருமபுரிக்காரியின் வாயால்.

சாயங்காலம் அவர் என்னைத் தேடிக்கொண்டு கிணற்றுப் பக்கம் வந்தார். எனக்குப் பெயர் வைத்தது என் அப்பாதான் என்று அத்தை சொன்னதாகச் சொன்னார். பிறந்து மூன்று நாள் அப்பா வேலைக்குப் போகாமல் யோசித்துக்கொண்டிருந்தாராம். மூன்றாம் நாள் அந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதி அம்மாவின் தலையணைக்கு அடியில் வைத்தாராம். நேரில் சொல்ல வெட்கமாம். அதைக் கேட்டு நான் அழுதேன். ஆறுதலாகச் சொல்கிறோம் என்றுதான் அவர் நினைத்திருப்பார். நான் அழுதது அப்பாவுக்காகப் பாதி. மீதி, என் அப்பா என் பெயரை எழுதிய சீட்டுகூட இவர் வழியாகத்தானே எனக்கு வர வேண்டியிருக்கிறது என்று.

கல்யாணமாகி ஒன்பதாவது வருடம் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. பெண். முப்பதாம் நாள் தொட்டிலில் போட்டுப் பெயர் வைத்தோம். பெயர் சொல்ல வேண்டிய நாத்தனார் எங்களுக்கு இல்லாததால், குழந்தையின் காதில் அத்தையே பெயர் சொல்வது என்று ஏற்பாடு. என்ன பெயர் என்று அக்கா அதுவரை தன் கணவரைத் தவிர யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தொட்டிலருகில் அத்தை குனிந்தபோது அவர் காதில் சொன்னார்.

அத்தை குனிந்தவர் நிமிரவில்லை. தொட்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் கணவர் ஓடிப்போய்த் தூக்கினார். தண்ணீர் குடித்த பிறகு அத்தை குழந்தையை மடியில் வாங்கி, அதன் காதில் மூன்று தடவை சொன்னார். மூன்றாம் தடவைதான் எங்களுக்குக் கேட்டது.

பூங்காவனம்.

என் அப்பாவுக்கும் அத்தைக்கும் மூத்தவர் ஒருவர் இருந்தார் என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். போட்டோ இல்லை. எங்கள் வீட்டில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் 'செத்துப்போன பெரியக்கா' என்பார்கள், அதற்குமேல் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவருக்குப் பூங்காவனம் என்று பெயர் இருந்தது என்பதையே நான் அந்தத் தொட்டிலருகில் நின்றுதான் தெரிந்துகொண்டேன். எனக்குச் சொந்தப் பெரியத்தை. என் மகள் உடம்பில் ஓடுகிற ரத்தம். பெயர் போனதோ வேறொருத்தியின் மகளுக்கு.

எல்லோரும் என்ன அழகான பெயர் என்றார்கள். பழைய பெயர் என்று யாராவது முகம் சுளிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சுளிக்கவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு டீச்சர் அம்மா, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெயர் வைக்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று என்னிடமே வந்து மெச்சினார். அந்த வருடமே எங்கள் ஊரில் இன்னும் இரண்டு குழந்தைகளுக்குப் பழைய பெயர் வைத்தார்கள். இரண்டு தாய்மார்களும் அக்காவிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் வைத்தார்கள். பதிவேட்டில் அந்தப் பெயர்களை எழுதியது நான்.

அத்தை குழந்தையைக் கீழே விடவில்லை. கொஞ்சும்போது சில சமயம் பெயர் சொல்லாமல், "எங்கக்கா, எங்கக்கா வந்துட்டா" என்பார். ஒரு நாள் என் மகள் என் சேலையைப் பிடித்து இழுத்து, தன் பாட்டியைக் காட்டி, ஆயா ஏன் பாப்பாவை அக்கா என்று கூப்பிடுகிறது, என்னை ஏன் அப்படிக் கூப்பிடவில்லை என்று கேட்டாள். நாலு வயது. அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு நான் செய்தது நன்றாக நினைவிருக்கிறது.

பூங்காவனத்துக்கு ஐந்து மாதம் இருக்கும்போது மூச்சிரைப்பு வந்தது. தருமபுரிக்குக் கொண்டுபோய் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து கூட்டிவந்தார்கள். வந்த மறுநாள் நான் அத்தையோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பத்தொன்பது வயதில் போனவர் பெயர் ஆயிற்றே, குழந்தைக்கு ஆகுமா என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்றேன். ஊரில் ஒருவரும் அப்படிப் பேசவில்லை.

அத்தை ஆய்ந்த கீரையையும் ஆயாத கீரையையும் ஒன்றாகக் கலந்துவிட்டார். அன்று இரண்டு வேளையும் சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலை அக்கா குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது எதிரில் போய் நின்றார்.

"பேர மாத்திரு கண்ணு. வேற எதாச்சும் வெய்யி."

நான் சமையலறையில் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அக்கா யார் சொன்னது என்று கேட்பார், என் பெயர் வெளியே வரும் என்று நினைத்து அடுப்பைக் குறைத்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. அத்தையைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, குழந்தையை எண்ணெயோடு அவர் மடியில் கொடுத்தார்.

"அவங்க செத்தது ஒரு நாளுங்கத்தை. இருந்தது பத்தொம்பது வருசம். நீங்க அந்த ஒரு நாளத்தான் எனக்குச் சொல்லியிருக்கீங்க. மிச்சத்தச் சொல்லுங்க. அப்பறமா மாத்தலாம்."

அத்தை குழந்தையின் காலில் எண்ணெயை நீவிவிட்டார். பிறகு, அவளுக்குப் பல்லி என்றால் பயம் என்றார். அதிலிருந்து ஆரம்பித்தது. பூங்காவனத்துக்கு இடது கை வாட்டம். அதனால் கோலம் தலைகீழாக வரும். மாங்காய்க்கு உப்பு வைக்காமலே தின்பாள். தங்கையை, அதாவது அத்தையை, இடுப்பில் வைத்துக்கொண்டு தீர்த்தமலைப் படி முழுவதும் ஏறியிருக்கிறாள். கைக்குழந்தையாக இருந்த என் அப்பா அழுதால் அவள் தூக்கினால்தான் அழுகை நிற்குமாம். அத்தை சொல்லச் சொல்ல அக்கா நடுநடுவே "அப்பறம்?" என்பதும், அத்தை சிரிப்பதும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. செத்துப்போன தன் அக்காவைப் பற்றிப் பேசி அத்தை சிரித்ததை என் அப்பாகூடக் கேட்டிருக்க மாட்டார். என் அப்பா அழுகையை நிறுத்தியவளின் கதை. நான் அதைச் சமையலறையில், திருடியைப்போல ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே போய் அவர்களோடு உட்கார்ந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. சோறு குழைந்துபோயிற்று.

பெயர் மாறவில்லை. அதற்குப் பிறகு அத்தையும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பூங்காவனத்துக்கு இரண்டு வயதானபோது அத்தை தூக்கத்திலேயே போய்விட்டார். கொஞ்ச நாளில் அக்காவின் கணவருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து அவர்கள் அங்கே குடிபோனார்கள். வீடு எனக்கே எனக்கென்று ஆயிற்று. பங்குனியில் புளி வந்தபோது நான் தனியாகக் கூடத்தில் உட்கார்ந்து கொட்டை எடுத்தேன். இரண்டாம் வருடம் புளியைக் கொட்டையோடு விற்றுவிட்டோம்.

போன வருடம் எனக்கு இரண்டாவது பெண் பிறந்தாள். என் கணவர் போனை எடுத்துப் பெயர் தேட ஆரம்பித்தார். வேண்டாம் என்றேன். என் வம்சத்தில் ஒரு பழைய பெயராக வைக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம், யாரிடம் கேட்பாய் என்றார்.

யோசித்துப் பார்த்தேன். அப்பா இல்லை. அத்தை இல்லை. அம்மாவுக்கு அந்தப் பக்கத்துப் பெயர்கள் ஒன்றிரண்டுக்குமேல் தெரியாது. தம்பி என்னைக் கேட்பான். என் தாத்தாவின் அக்கா, தங்கை, பெரியம்மா, சின்னம்மா என்று அத்தனை பெண்களின் பெயர்களும் ஓசூரில், எங்கள் ரத்தம் ஒரு சொட்டும் இல்லாத ஒருத்தியிடம் இருந்தன. நான்கு நாள் வீம்பாக இருந்தேன். ஐந்தாம் நாள் மத்தியானம், குழந்தை தூங்கிய பிறகு போன் செய்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா பேனா எடுத்துக்கொள் என்றார். ஒவ்வொரு பெயராகச் சொன்னார். வெறும் பெயராக இல்லை. அவள் யாருக்கு மகள், யாருக்கு வாழ்க்கைப்பட்டாள், எதற்குப் பேர் போனவள் என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போனார். அவர் குரலில் அத்தை பேசுவதுபோலவே இருந்தது, 'வூட்டுல' என்பதைக்கூட அத்தை இழுப்பதுபோல இழுத்தார். ஏழாவது பெயரில் என்னால் எழுத முடியவில்லை.

"அக்கா, அன்னைக்கு அத்தைகிட்ட அந்தப் பேரு ஆகாதுன்னு சொன்னது நாந்தான்."

"தெரியும்" என்றார். "நானும் ஒண்ணு சொல்லணும் உங்கிட்ட. ரித்திஷா பொறந்தப்ப உனக்குப் பேருங்க சொன்னேன் பாரு. அதுல பூங்காவனத்தச் சொல்லல. எனக்குன்னு ஒரு புள்ள பொறந்தா வெக்கலாம்னு அத மட்டும் எடுத்து வெச்சிக்கிட்டேன். முறைப்படி உனக்குத்தான் முதல்ல சொல்லியிருக்கணும்."

கோபம் வரும் என்று பார்த்தேன். முதலில் வந்தது ஒரு நிம்மதி. நான் எடுத்துக்கொள்வேன் என்று பயந்து அவரும் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார், வைத்துக்கொள்ள ஆசைப்பட்டிருக்கிறார் என்ற நிம்மதி. அவர் மறுபடி, எட்டாவது எழுதிக்கோ என்றார்.

மொத்தம் பதினோரு பெயர்கள். அதில் பாவாயியை எடுத்துக்கொண்டேன். என் தாத்தாவின் தங்கை. ரோட்டோரப் புளியமரங்களை ஏலம் விடும்போது ஆம்பளைகளோடு நின்று ஏலம் கேட்டு எடுத்தவளாம். ஒரு வருடம் நாற்பது மரம் அவள் கையில் இருந்ததாம்.

பெயர் வைக்கிற அன்றைக்கு அக்கா மகளோடு வந்திருந்தார். பூங்காவனத்துக்கு ஐந்து வயது. நீள முகம், எங்கள் வீட்டு ஜாடை. என் குழந்தையின் காதில் பெயர் சொல்ல நான் அக்காவையே கூப்பிட்டேன். அவர் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவர் சொன்னபோது அந்தப் பெயர் நான் வீட்டில் சொல்லிப் பார்த்ததைவிட நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பேச்சோடு பேச்சாக, சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"அந்தப் பதினொண்ணுதானாக்கா? இல்ல, இன்னும் ஏதாச்சும் பேரு இருக்கா?"

அக்கா என்னைப் பார்த்தார். பாவாயியின் கன்னத்தைத் தொட்டார்.

"புள்ளைக்குப் பால் குடுத்தியா?" என்றார்.

நான் எழுந்து குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பன்னிரண்டாவதாக ஒன்று இருக்கிறது. அது இந்தப் பதினொன்றையும்விட நல்ல பெயராகத்தான் இருக்கும்.